நூல் அறுகிற வரைக்கும்

1993 செப்டம்பர் 30

விழுப்புரம் இன்று முதல் தனி மாவட்டமாம். கடலூருக்குப் போய் வரிசையில் நின்ற சனம் இனி விழுப்புரத்துக்குப் போய் வரிசையில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டறையில் இன்று அலுமினியக் குழாய் நாற்பது அறுத்தேன். எல்லாம் சுருதி சேர்ந்தது. குழாயைப் பற்றி எவனும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் நூலில்தான். குயிலாப்பாளையத்து வெயிலுக்கே நம் காற்றுமணி நூல் இற்று அறுந்துவிடுகிறது என்று நிர்வாகி சீனுவாசன் புலம்பிக்கொண்டே இருந்தார். அதனால் மரக்காணத்தில் பார்த்த மீன்காரப் பிள்ளை ஒருவனிடம் வலை நூல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். இன்று கொண்டுவந்தான். பெயர் வெற்றிவேல். பச்சை நைலான், நாலு கண்டு.

"கடலே தாங்குதுங்க, காத்து தாங்காதா?" என்றான். வாய் கெட்டிக்காரன். நூல் கோர்க்கிற பெண்கள் சிரித்தார்கள். என் மகள் துர்காவும்தான்.

1994 ஜனவரி 17

துர்கா வீட்டில் இல்லை. காணும் பொங்கலுக்குக் கடற்கரை போய்வருகிறேன் என்று போனவள். மரக்காணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில், வெற்றிவேல் வீட்டில் இருக்கிறாளாம். தாலி ஏறிவிட்டதாம்.

அவனைப் பட்டறைக்கு வரச் சொன்னது யார்? நான். மாதா மாதம் கொண்டுவா என்று சொன்னது? அதுவும் நான்தான். வேறு யாரைப் போய்த் திட்டுவது? என் பெண்சாதி பாஞ்சாலி அடுப்பே மூட்டவில்லை.

1994 ஜனவரி 20

பங்காளிகள் கூடினார்கள். நிலத்துக்காரன் பெண் கடல்காரன் வீட்டுக்குப் போய்விட்டாளாம், நான் ஒரு முடிவு சொல்ல வேண்டுமாம். இரும்பை கிராமத்துச் சிவன் கோயில் வாசலுக்கு இழுத்துப் போனார்கள். இழுத்துப் போனார்கள் என்று எழுதுவதும் பொய். கோபத்தில் நானே முன்னால் நடந்தேன்.

கற்பூரம் ஏற்றினார்கள். "அவ வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், அவளும் எங்க வூட்டுக்கு வரக் கூடாது" என்றேன். பெரியப்பா மகன் முத்துசாமி விடவில்லை. "யாரு மேல சத்தியம், பச்சமுத்து?" என்று கேட்டார்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. "எம் பொண்ணு மேல சத்தியம்" என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தேன்.

கை கொப்பளித்திருக்கிறது.

1994 ஜனவரி 21

இன்னா காரியம் பண்ணிட்ட பச்சமுத்து. அவ மேலயேவா?

1994 ஆகஸ்ட் 29

வெளிநாட்டுக்குப் போகும் காற்றுமணிகள் கடலோர வீடுகளில் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்களாம். சீனுவாசன் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரே தொங்கலில் மூன்று குழாய், ஒன்று இரும்பு, ஒன்று பித்தளை, ஒன்று அலுமினியம். அது போல மூன்று தொங்கல். ஒன்று பட்டறையில், ஒன்று ஒலக்கூரில், ஒன்று கடற்கரையில். மாதம் ஒரு தடவை ஆள் போய்ப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

"எது வரைக்கும்?" என்றேன்.

"குழாயோ நூலோ ஏதாவது ஒண்ணு அறுந்து கீழ வுழுற வரைக்கும். வுழுந்தா டெஸ்ட் முடிஞ்சுது. கழட்டிக்கினு வந்துடுங்க." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கடலோரத்துல நமக்குத் தெரிஞ்ச வூடு துர்கா வூடுதான். பூவரச மரம் ஒண்ணு வெளியவே கீதாம். உள்ள போவ வேண்டியதில்ல."

கெட்டிக்கார மனுஷன். தேர்ந்தெடுத்த தொங்கலும் துர்கா இங்கே இருந்தபோது மாதிரிக்கென்று அந்தப் பச்சை வலை நூலில் கோர்த்து வைத்ததுதான். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, வாலைக் குழாய்க்குள்ளேயே தள்ளி மறைத்துவிடுவாள். அவள் முடிச்சு எனக்குத் தெரியாதா?

1994 செப்டம்பர் 4

போனேன். மெலிந்திருக்கிறாள், கறுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். அழ ஓடினாளோ முகம் கழுவ ஓடினாளோ, தெரியவில்லை. நான் பாட்டுக்குப் பூவரசங்கிளையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டேன். கடல் காற்று எடுத்த எடுப்பில் மூன்றையும் அடித்தது.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "உள்ள வாயேன்ப்பா."

"பட்டறை வேலையா வந்தேன். இது அறுந்து வுழுற வரைக்கும் மாசா மாசம் வரணும்" என்றேன்.

செம்பைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். குடித்தேன். தண்ணீரைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லை.

1994 அக்டோபர் 2

இரும்பு: முழுக்கச் செந்துரு. ஒரே மாதத்தில். பித்தளை: மினுக்குப் போய்ப் பழுப்பு. அலுமினியம்: மங்கல். நூல்: நன்று.

துர்கா: கல்லில் தண்ணீர் வைத்தாள்.

1995 ஜூன் 11

பேத்தி பிறந்திருக்கிறாள். பாஞ்சாலி போய்ப் பார்த்து வந்தாள். அவள் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. நானும் இந்த மாதப் பார்வைக்குப் போனேன். வாசலுக்கு வெளியே கொண்டுவந்து காட்டினாள். தமிழ்மொழி என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

பித்தளையில் களிம்பு ஏற ஆரம்பித்துவிட்டது, பொட்டுப் பொட்டாகப் பச்சை. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. தொட்டால் விபூதி மாதிரி விரலில் ஒட்டுகிறது.

1996 மார்ச் 3

ஒலக்கூர்த் தொங்கல் புதுசு மாதிரி இருக்கிறது. கடற்கரைத் தொங்கல் கிழடு தட்டிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே குழாயிலிருந்து அறுத்தது. இரும்புக்குச் சத்தமே போய்விட்டது. தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறது. பித்தளை பரவாயில்லை. அலுமினியம்தான் இன்னும் சுருதி மாறாமல் பாடுகிறது. ஆனால் எஃகு ஆணி போகிற ஓட்டையைச் சுற்றி மட்டும் அரித்துப் போயிருக்கிறது. சீனுவாசனிடம் சொன்னேன். உப்புக் காற்றில் இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டு இருந்தால் அப்படித்தானாம், ஒன்று நிற்க இன்னொன்று அழியுமாம்.

ஆச்சரியம் நூல்தான். இரும்புக் குழாயில் துருப்பிடித்த ஓட்டையின் விளிம்பு அரம் மாதிரி இருக்கிறது. அதில் உரசி உரசியும் அறவில்லை. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவே. வெற்றிவேல் அன்றைக்குச் சொன்னது சரிதான் போல.

1996 ஆகஸ்ட் 4

இதை ரிஜிஸ்டரில் எழுதவில்லை. இங்கேயாவது எழுத வேண்டும்.

இன்று போனபோது இரும்புக் குழாய் மணலில் கிடந்தது. ஓட்டை தின்றுபோய்த் தானாகக் கழன்றிருக்கிறது. விழுந்தால் டெஸ்ட் முடிந்தது. கழற்றிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். அடுத்த மாதம் எதைச் சொல்லிக்கொண்டு போவேன்?

பையில் கட்டுக்கம்பி இருந்தது. குழாயைச் சுற்றிக் கட்டித் திரும்ப மாட்டினேன். திரும்பிப் பார்த்தால் துர்கா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிளம்பும்போது, "அடுத்த மாசம் வருவ தான?" என்றாள். "பாக்கணும்ல" என்றேன்.

ரிஜிஸ்டர்: "இரும்பு — துரு அதிகம். தொங்குகிறது." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் பொய்.

1997 நவம்பர் 18

பட்டறையில் பெரிய பேஜாராகிவிட்டது. என் ரிஜிஸ்டரை நம்பி, இரண்டு வருஷமாக எல்லாக் காற்றுமணியும் வெற்றிவேலின் வலை நூலில்தான் போகிறது. ஏழெட்டு மாதத்தில் அறுந்துவிடுகிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதமாம்.

"உங்க கடக்கரை மணி மூணு வருசமா நிக்குது. அதே நூலு அங்க நிக்கலன்னா இன்னா அர்த்தம்?" என்றார் சீனுவாசன்.

"கோக்குறவங்க சரியாக் கட்டல" என்றேன். இப்போது கோர்ப்பது இருதயமேரி. முகம் சுண்டிப்போய்ப் பின்பக்கம் போய் அழுதாளாம். அழட்டும், துர்கா மாதிரிக் கட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்படி ஒரு திமிர்.

1998 ஜூலை 5

துர்காவுக்கு மூச்சு வாங்குகிறது. நாலடி நடந்து கல்லில் செம்பை வைப்பதற்குள் பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பொரம்போக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்க முடியவில்லையாம், வெற்றிவேல்தான் இழுக்கிறான்.

"உள்ள வந்து உக்காருப்பா. எனக்கு நின்னுக்கினு பேச முடில."

அவள் மேலேயே செய்த சத்தியம். மிதித்தால் அவளுக்கு என்ன ஆகுமோ? இந்த நிலைமையில் மிதிப்பேனா? "நேரமாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீம்பு என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்.

1998 செப்டம்பர் 9

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறதாம்.

"சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்துதா?" என்று டாக்டர் கேட்டார். வந்தது. அவளுக்கு எட்டு வயது. ஓடி ஆடுகிற பிள்ளைக்குக் கால் வலிதான் என்று வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டேன். டாக்டரிடம் "ஞாபகமில்லீங்க" என்றேன். எத்தனை பொய்தான் சொல்லுவேன்.

1998 செப்டம்பர் 14

ஆறு நாளாகக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசற்படி யார் வீட்டுப் படியும் இல்லை. நாலு வருஷத்துக்கு அப்புறம் என் மகள் பக்கத்தில் உட்காருகிறேன். கேப்பைக் கஞ்சி கரைத்துக் கொடுத்தால் குடிக்கிறாள். பட்டறைப் பெண்களைப் பற்றியெல்லாம் கேட்கிறாள். நோவு வந்து கிடக்கிற பிள்ளையின் பக்கத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. என்ன ஜென்மமோ நான்.

இன்று கேட்டுவிட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வர்ற. வூட்டுக்கு மட்டும் இன்னாத்துக்கு வர மாட்ற? நான் அம்மாம் தப்பா பண்ணிட்டேன்?"

உன் உயிர் மேல் சத்தியம் செய்துவிட்டேன் என்று படுத்திருக்கிறவளிடம் எந்த அப்பன் சொல்லுவான்?

"வர்றேன். மல்லாட்ட புடுங்கி முடியட்டும், வர்றேன்" என்றேன். என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனாள். அது என்ன தழும்பு என்று அவளுக்குத் தெரியாது.

1998 செப்டம்பர் 21

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெட்ராசில் ஆபரேஷன், டிசம்பரில் தேதி. அதுவரைக்கும் மாத்திரை.

இரும்பை கோயில் குருக்களிடம் போய்ச் சத்தியத்தின் கதையைச் சொன்னேன். "இதையா நாலு வருஷமா மனசுல வெச்சிண்டிருந்தே? பிரதோஷத்தன்னிக்கு வா. அபிஷேகம் பண்ணி, சாமிகிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்" என்றார். அவ்வளவு லேசாகச் சொல்கிறார்!

வருகிற பிரதோஷத்துக்கு மல்லாட்டை பிடுங்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. மழைக்கு முன்னால் எடுக்காவிட்டால் வேர்க்கடலை நிலத்திலேயே முளைத்துவிடும். தீபாவளிக்கு முந்தின பிரதோஷத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினைந்து நாள் வித்தியாசம்தானே.

1998 அக்டோபர் 5

திங்கட்கிழமை. ஆபரேஷன் உதவிக்கு மனு கொடுக்க விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம், நானும் வெற்றிவேலும். ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நாலு மணி நேரம். இத்தனை வருஷத்தில் அவனோடு பேசியதே இல்லை. டீ வாங்கிவந்து கொடுத்தான்.

"மாமா, அவ உங்கள எதிர்பாத்துக்கினே கீறா. தீவாளிக்கு வருவீங்களா?"

"அதுக்கு முந்தின நாளே வர்றேன் மாப்ள" என்றேன். மாப்ள என்று வாயில் தானாக வந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு டீயைக் குடித்தான்.

1998 அக்டோபர் 13

துர்கா போய்விட்டாள். விடியற்காலை.

1998 அக்டோபர் 15

வாசலில் ஓலைப் பந்தல் போட்டுப் பூவரசுக்குக் கீழேயே கிடத்தியிருந்தார்கள். அவள் தலைக்கு மேல் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ கழற்றப் போனார்கள். வெற்றிவேல் வேண்டாம் என்றுவிட்டான்.

வாசற்படியை மிதிக்காமலே எல்லாம் முடிந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். அவளைத்தான் காப்பாற்றவில்லை. இன்னும் அஞ்சே நாளு. அஞ்சு நாளு பொறுத்திருக்கக் கூடாதா சாமி? மல்லாட்ட பெருசாடா பச்சமுத்து ஒனக்கு? மண்ணுல மொளச்சா மொளைக்கட்டும்னு போட்டுட்டுப் போயிருக்கலாம்ல?

பாஞ்சாலி என்னைப் பார்ப்பதில்லை. சோறு வைக்கிறாள், பார்ப்பதில்லை.

1998 அக்டோபர் 17

பிரதோஷம். போகவில்லை.

1999 ஜனவரி 24

மூன்று மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை. "போயி அதைக் கழட்டிக்கினு வந்துடுங்க, போதும்" என்று சீனுவாசன் அனுப்பினார். போனேன்.

கழற்ற வேலையே இல்லை. தொங்கல் மொத்தமும் அறுந்து, துவைக்கிற கல்லின் மேல் சுருட்டி வைத்திருந்தது. மார்கழிக் காற்றில் விழுந்ததாம். அது எப்படி? நாலு வருஷம் அறாத நூல்? முனையைப் பார்த்தேன். துரு விளிம்பு அறுத்திருக்கிறது, சுத்தமாக.

வெற்றிவேல் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு மழைக்கும் அறுந்துடும் மாமா. நீங்க வர்றதுக்கு முந்தின நாளு கட்டி மாட்டிடுவா. புதுசுன்னு தெரியக் கூடாதுன்னு நூலக் கூர மேல போட்டுக் காய வெச்சிருப்பா." வலையிலிருந்து தலை தூக்காமலே, "மிச்ச நூலு பரண் மேல கீது. வோணும்னா எடுத்துக் கட்டுங்க" என்றான்.

தொங்கலைக் கல்லின் மேலேயே திரும்ப வைத்தேன். அப்புறம் போனேன். வாசற்படியை மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு இன்னும் என்ன இருக்கிறது?

பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பா. வெயிலில் வெளுத்த நூல்கண்டு ஒன்று. அதற்குக் கீழே அறுந்த நூல்கள், தனித்தனியாகச் சுருட்டி, அதே முடிச்சு அவிழாமல். எண்ணினேன். ஒன்பது.

நான் கம்பி கட்டி ஏமாற்றினேன். அவள் நூல் கட்டி ஏமாற்றியிருக்கிறாள். நான் கம்பி கட்டியதை அவள் பார்த்தாள். அவள் கட்டியதை நான் பார்க்கவில்லை. முடிச்சை மட்டும் பார்த்துவிட்டு, என் மகள் முடிச்சு என்று பெருமைப்பட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

1999 ஜனவரி 26

சீனுவாசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டர் தப்பு, இரும்பு '96-லேயே விழுந்தது, நூல் ஒன்பது தடவை அறுந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு மூடினார். தொங்கலை எனக்கே கொடுத்துவிட்டார். இருதயமேரியிடம் போய், உன் மேல் தப்பில்லை தாயீ என்று சொன்னேன். "தெரியும்ண்ணே" என்றாள்.

1999 பிப்ரவரி 7

பூவரசில் திரும்ப மாட்டிவிட்டேன். பட்டறை வேலை என்று இனி சொல்ல முடியாது. வெற்றிவேலும் கேட்கவில்லை.

2002 டிசம்பர் 8

இந்த மாதம் மழையால் ஒரு வாரம் தாமதம். போய்ப் பார்த்தால் தொங்கல் கோணலாகத் தொங்குகிறது. பித்தளை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, அலுமினியம் தரையைப் பார்த்துக்கொண்டு. இரும்பு போன வருஷமே உதிர்ந்துபோனது. முடிச்சு, பள்ளிக்கூடப் பையைக் கட்டுவது போல் ஒரு முடிச்சு.

"யாருடி கட்டுனது?"

"நான்தான்" என்றாள் தமிழ்மொழி. ஏழு வயது ஆகிறது. மூக்கு அப்படியே இருக்கிறது. "முந்தாநேத்து அறுந்துடுச்சு. கல்லு மேல ஏறிக் கட்டுனேன்."

"இன்னாத்துக்கு? தாத்தா வந்து கட்ட மாட்டேனா?"

"அறுந்து கெடந்தா நீ வர மாட்டியாமே. அம்மா அதுக்குத்தான் கட்டிக்கினே இருந்துச்சாம். அப்பா சொல்லுச்சு."

"மணி இல்லன்னாலும் வருவேன்டி" என்றேன். ஒரு வரி. இதைச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது, அதுவும் சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை.

அவள் உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வழக்கம் போலக் கல்லின் மேல் வைத்தாள். இந்த வீட்டில் தாத்தாவுக்குத் தண்ணீர் அங்கேதான் வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பின்னாலேயே வந்து பாய் விரித்தாள். உட்கார்ந்து குடித்தேன்.

அவள் போட்ட முடிச்சை அவிழ்க்கவில்லை. கோணலாகவே இருக்கட்டும்.